கான்ஸ்டபிளுக்கு ஒப்பான அதிகாரம்: ஜமைக்காவில் காவலரைக் கைதுசெய்யும் உரிமை பற்றிய வழக்கின் வரலாறு

காவலர் ஒருவர் சட்டத்தை மீறி உயிரைப் பறித்தார் என்ற ஐயம் எழும்போது அவரைக் கைதுசெய்ய வேண்டியவர் யார் என்னும் கேள்வி, கரீபியக் கடலிலுள்ள ஜமைக்காத் தீவில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பல வடிவங்களில் எழுந்து, 2020 மே 18 அன்று லண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு வழங்கிய தீர்ப்பில் ஒரு விடையை அடைந்தது. முன்னாள் பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் சிலவற்றுக்கு இன்றும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக விளங்கும் அந்த நீதிக்குழு, 1949 வரை சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளுக்கும் மேலே இருந்தது. 1962-இல் விடுதலை பெற்ற பின்னரும் ஜமைக்கா அதனோடு கொண்ட பிணைப்பை அறுத்துக்கொள்ளவில்லை. எனவே, கிங்ஸ்டன் நகரின் ஒரு விசாரணை ஆணையத்துக்குக் காவலர்களைக் கைதுசெய்யும் அதிகாரம் உண்டா என்பதை அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் அமர்ந்திருந்த நீதிபதிகளே முடிவுசெய்ய நேர்ந்தது.

இவ்வழக்கின் வேரைத் தேடுவோர் 1865-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். தீவின் கிழக்கிலுள்ள மொரான்ட் பே என்னும் ஊரில், அவ்வாண்டு அக்டோபர் 11 அன்று, போல் போகிள் என்ற கருப்பினச் சமயப் பணியாளரின் தலைமையில் ஏழை உழவர்கள் நீதிமன்றக் கட்டடத்தை நோக்கித் திரண்டு சென்றபோது, அங்கிருந்த தன்னார்வப் படையினர் சுட்டனர். சினங்கொண்ட கூட்டம் கட்டடத்துக்குத் தீ வைத்தது. ஆளுநர் எட்வர்ட் ஐயர் அப்பகுதியில் இராணுவச் சட்டத்தை, அதாவது வழக்கமான நீதிமன்றங்களின் இடத்தில் படையதிகாரிகளின் ஆணையை வைக்கும் நெருக்கடி ஆட்சியை, அறிவித்தார். அதைத் தொடர்ந்த அடக்குமுறையில் 439 பேர் கொல்லப்பட்டதாகவும், 600 பேர் கசையடி பெற்றதாகவும், ஆயிரம் வீடுகள் எரிக்கப்பட்டதாகவும் பின்னர் வந்த அரச விசாரணைக் குழு கணக்கிட்டது. தீவின் சட்டமன்ற உறுப்பினரான ஜார்ஜ் வில்லியம் கோர்டன், இராணுவச் சட்டம் செல்லாத கிங்ஸ்டனில் பிடிக்கப்பட்டு, அது செல்லுபடியாகும் மொரான்ட் பேக்குக் கப்பலில் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே படை நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். யார் யாரை எங்கே கைதுசெய்யலாம் என்பதே ஒரு மனிதனின் உயிரை நிர்ணயித்த நிகழ்வு அது.

அதன் எதிரொலி இங்கிலாந்தில் மிகப் பெரிதாக எழுந்தது. மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் தலைமையேற்ற ஜமைக்காக் குழு, அரசு வழக்குத் தொடர மறுத்த நிலையில், தனிநபர் தொடுக்கும் குற்ற வழக்கு என்ற பழைய வழியைக் கையிலெடுத்தது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தில், அதாவது நாடாளுமன்றம் இயற்றாமல் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்து வந்த சட்டத்தில், எந்தக் குடிமகனும் அரசியின் பெயரால் குற்றவாளியை நீதிமன்றத்தில் நிறுத்தலாம். இந்த உரிமையைக் கொண்டு, கோர்டனின் தண்டனைக்குப் பொறுப்பான நெல்சன், பிராண்ட் என்னும் இரு படையதிகாரிகள்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 1867 ஏப்ரலில் தலைமை நீதிபதி காக்பர்ன், இராணுவச் சட்டத்தின் எல்லைகளை மிகக் கடுமையாக வரையறுத்து நீண்டதோர் உரை நிகழ்த்தியும், வழக்கு விசாரணைக்குச் செல்லத் தக்கதா என்று முடிவுசெய்யும் கிராண்ட் ஜூரி அதை ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டில் ஐயர்மீது தொடரப்பட்ட குற்ற வழக்கும் அவ்வாறே முடிந்தது. கசையடி பெற்ற ஜமைக்கர் ஒருவர் ஐயரிடம் இழப்பீடு கேட்டுத் தொடுத்த உரிமையியல் வழக்கு 1870-இல் தோற்றதற்குக் காரணம் வேறு: நெருக்கடிக் காலத்தில் நல்லெண்ணத்தோடு செய்தவற்றுக்கு எவரும் பொறுப்பாகார் என்று தீவின் சட்டமன்றம் ஒரு பொறுப்புவிலக்குச் சட்டத்தை முன்னரே நிறைவேற்றியிருந்தது. தனிநபர் வழக்கு, நல்லெண்ணம் என்னும் இவ்விரு கருத்துகளும் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே தீவின் நீதிமன்றங்களில் மீண்டும் தலைகாட்டவிருந்தன.

மொரான்ட் பே நிகழ்வின் நேரடி விளைவாகவே 1867-இல் ஜமைக்கா கான்ஸ்டபுலரி படை உருவானது. அதற்கு முன்மாதிரியாக அமைந்தது லண்டன் மாநகரக் காவலன்று. அயர்லாந்து உழவர்களின் கிளர்ச்சியை அடக்க அமைந்த அயர்லாந்து அரச கான்ஸ்டபுலரியே. துப்பாக்கி, படைமுகாம், தலைமைக்கு மட்டும் கட்டுப்படும் ஒழுங்கு ஆகியவை இந்த மாதிரியோடு வந்து சேர்ந்தன. ஒரு நிறுவனம் எதற்காகப் பிறந்தது என்பது அதன் பழக்கங்களில் நெடுங்காலம் தங்கியிருக்கும். விடுதலைக்குப் பின் கொடி மாறியதே தவிர, மக்களுக்கும் காவலருக்குமிடையே அந்தப் பிறப்பு வளர்த்த ஐயம் மாறவில்லை. 1974-இல் இயற்றப்பட்ட குற்ற ஒடுக்குச் சட்டம், பிடியாணையின்றித் தேடவும் பிடிக்கவும் பரந்த அதிகாரம் தந்து இருபது ஆண்டுகள் நடப்பிலிருந்தது.

காவலர் பக்கத்து நிலைமையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முப்பது இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் தீவில் 2005-ஆம் ஆண்டில் மட்டும் 1,674 கொலைகள் நிகழ்ந்தன, கும்பல்களின் கையில் கனரகத் துப்பாக்கிகள் இருந்தன, காவலர்களும் பலியாயினர். இந்த வன்முறைக்கு நடுவே காவலரின் குண்டுக்கு இரையானோரின் எண்ணிக்கையும் அச்சுறுத்தும் அளவில் ஏறியது. 1999-இல் ஊரடங்கு நேரத்தில் தாக்கப்பட்டு இறந்த, மனநலம் பாதிக்கப்பட்ட இளைஞர் ஒருவரின் வழக்கு அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையம் வரை சென்றது. 2001 மார்ச்சில் பிரேட்டனில் ஒரே வீட்டில் ஏழு இளைஞர்களும், 2003 மேயில் கிராலில் இரு பெண்கள் உள்ளிட்ட நால்வரும் கொல்லப்பட்டனர். இவ்விரு வழக்குகளிலும் குற்றம் சாட்டப்பட்ட காவலர்கள் 2005-இல் விடுதலையாயினர். அவர்கள் குற்றமற்றவர்கள் என்ற தீர்ப்பை மதித்துக்கொண்டே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சான்று திரட்டும் பணி முதல் நாளிலிருந்தே வலுவாக நடக்காவிட்டால், எந்த நீதிமன்றத்தாலும் உண்மையை எந்தப் பக்கமும் நிறுவ முடியாது. விடுதலை பெற்ற காவலர்மீதுகூட ஊரின் ஐயம் தீராது.

இந்தப் பணியைச் செய்ய அதுவரை இருந்தவை இரண்டு அமைப்புகள். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காவல் புகார் ஆணையம் காவல்துறைக்கு வெளியே இருந்தாலும் கையில் வலிமையற்றது. காவல் படைக்குள்ளேயே 1999-இல் ஏற்படுத்தப்பட்ட சிறப்புப் புலனாய்வுப் பிரிவோ வலிமை பெற்றிருந்தும் விசாரிக்கப்படுவோரின் உடன்பணியாளர்களைக் கொண்டது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட ‘ஜமைக்கன்ஸ் ஃபார் ஜஸ்டிஸ்’ என்ற குடிமக்கள் அமைப்பும் பன்னாட்டு மனித உரிமை அமைப்புகளும் பத்தாண்டு காலம் விடாது வற்புறுத்தியதன் விளைவாகவே, 2010-இல் சுதந்திர விசாரணை ஆணையச் சட்டம் நிறைவேறியது. இந்த ஆணையத்தை ஜமைக்கர்கள் ‘இன்டிகாம்’ என்றே அழைக்கின்றனர்.

சட்டம் நடப்புக்கு வந்த சில வாரங்களிலேயே, 2010 மே மாத இறுதியில், போதைப்பொருள் வழக்கில் அமெரிக்கா கேட்ட கிறிஸ்டபர் கோக் என்பவரைப் பிடிப்பதற்காக மேற்குக் கிங்ஸ்டனின் டிவோலி கார்டன்ஸ் பகுதியில் படையும் காவலும் நுழைந்தன. சுமார் 70 பொதுமக்கள் உயிரிழந்தனர். ஆணையம் அப்போது சட்டத்தாளில் மட்டுமே இருந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில்தான், முன்னர் பிரித்தானிய வர்ஜின் தீவுகளில் அரசு வழக்குகளை நடத்திய டெரன்ஸ் வில்லியம்ஸ் முதல் ஆணையராகப் பொறுப்பேற்று அது செயல்படத் தொடங்கியது.

புதிய ஆணையம் பெற்ற அதிகாரங்கள் பழைய அமைப்புகள் கனவிலும் காணாதவை. துப்பாக்கிச் சூடு நடந்த இடத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக் காக்கவும், ஆயுதங்களையும் ஆவணங்களையும் கைப்பற்றவும், காவலரிடம் எழுத்து வாக்குமூலம் கேட்கவும், புகார் வராத நிலையிலும் தானே விசாரணையைத் தொடங்கவும் அதற்கு உரிமை இருந்தது. வழக்குக்கு வித்திட்டது இருபதாம் பிரிவு. ஆணையரும் அவருடைய புலனாய்வாளர்களும் தம் கடமையைச் செய்கையில், நான்கு, பதின்மூன்று, பதினான்கு ஆகிய பிரிவுகளை நடைமுறைப்படுத்துவதற்காக, ஒரு கான்ஸ்டபிளுக்குச் சட்டம் தரும் அதிகாரங்களுக்கும் உரிமைகளுக்கும் ஒப்பானவற்றைப் பெற்றிருப்பர் என்பது அப்பிரிவின் கருத்து.

கான்ஸ்டபிள் என்ற சொல் தமிழ் வாசகருக்குக் காவல் நிலையத்தின் கடைநிலைப் பணியாளரை நினைவூட்டும். ஆங்கிலச் சட்டத்திலோ அது பதவிநிலையைக் குறிப்பதற்கு முன்பே ஓர் அதிகாரத்தைக் குறித்த சொல். நியாயமான ஐயம் இருந்தால் பிடியாணையின்றியே பெருங்குற்றம் செய்தவரைப் பிடிக்கும் தனிப்பட்ட உரிமை அதன் உயிர்நாடி. ஆகவே கான்ஸ்டபிளுக்கு ஒப்பான அதிகாரம் என்றால் கைதுசெய்யும் அதிகாரமும் அதில் அடங்கும் என்று ஆணையம் கருதியது. அந்தக் கருத்தின்படி அது காவலர்களைத் தானே கைதுசெய்து, குற்றம் சுமத்தி, நீதிமன்றத்தில் நிறுத்தத் தொடங்கியது. கான்ஸ்டபிள் முதல் இன்ஸ்பெக்டர் வரையிலான காவலர்களின் சங்கமான காவலர் கூட்டமைப்பு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஜமைக்காவில் உச்ச நீதிமன்றம் என்பது முதல்நிலை மேல்மன்றமே; அதற்கு மேலே மேல்முறையீட்டு நீதிமன்றமும் பிரிவி கவுன்சிலும் உள்ளன.

நீதிப் புனராய்வு எனப்படும் முறையில், அதிகாரம் ஏந்திய ஓர் அமைப்பு எடுத்த முடிவு நல்லதா கெட்டதா என்பதை நீதிமன்றம் எடைபோடுவதில்லை; அந்த முடிவை எடுக்கச் சட்டம் அவ்வமைப்புக்கு இடம் தந்ததா என்பதை மட்டுமே ஆராய்கிறது. கூட்டமைப்பின் வழக்கும் இந்த எல்லைக்குள்தான் நகர்ந்தது. கைது, குற்றம் சுமத்தல், வழக்கு நடத்தல் என்னும் மூன்றும் தொடர்ந்து வருபவையாயினும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு செயல்கள். கைது என்பது உடலின் சுதந்திரத்தைப் பறிப்பது. குற்றம் சுமத்தல் என்பது இன்ன குற்றத்துக்கு விடைசொல்ல வேண்டும் என்று ஒருவருக்கு முறைப்படி அறிவிப்பது. வழக்கு நடத்தல் என்பது அதை நீதிமன்றத்தில் நிறுவுவது. மூன்றாவதன்மீது, ஜமைக்க அரசியலமைப்பின் 94-ஆம் பிரிவு உருவாக்கிய குற்ற வழக்குத் தொடர்வு இயக்குநருக்கு மேலுரிமை உண்டு. எவர் தொடங்கிய குற்ற வழக்கையும் அவர் தம் கையில் எடுக்கலாம், நிறுத்தவும் செய்யலாம்.

2013-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு ஆணையத்தின் பக்கம் நின்றது. கான்ஸ்டபிளின் அதிகாரத்தைச் சட்டம் முழுமையாகத் தந்திருக்கையில், அதிலிருந்து கைதை மட்டும் வெட்டியெடுக்க இடமில்லை என்பதே அதன் போக்கு. ஐந்தாண்டுகள் கழித்து, 2018 மார்ச்சில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. இரண்டு தீர்ப்புகளும் ஒரே வாக்கியத்தையே படித்தன. முன்னது அதன் பின்பாதியில் தங்கியது, பின்னது முன்பாதிக்குச் சென்றது. நான்கு, பதின்மூன்று, பதினான்கு ஆகிய பிரிவுகளை நடைமுறைப்படுத்துவதற்காக என்ற அந்த முன்பாதி அலங்காரமாக வைக்கப்பட்டதன்று. அம்மூன்று பிரிவுகளும் ஆணையத்தின் பணிகளையும் விசாரணை தொடங்கும் வழியையும் நடத்தும் முறையையும் பற்றியவை. அவற்றில் எங்கும் வழக்குத் தொடர்வது ஒரு பணியாகச் சொல்லப்படவில்லை. விசாரணைக்காகத் தரப்பட்ட கருவியை விசாரணைக்கு அப்பாற்பட்ட நோக்கத்துக்குப் பயன்படுத்த முடியாது என்பது அந்நீதிமன்றத்தின் முடிவு.

ஆணையம் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 2020 மேயில் அங்கும் தோல்வியே கிடைத்தது: விசாரிக்கப் பிறந்த அமைப்பு அது, தான் விசாரித்த குற்றங்களுக்காகக் காவலரைக் கைதுசெய்து குற்றம் சுமத்தி வழக்கு நடத்தும் அதிகாரத்தை அதன் சட்டம் தரவில்லை என்ற முடிவு நிலைநிறுத்தப்பட்டது. வழக்கின் போக்கில் இன்னொரு வாதமும் எழுந்தது. ஆணையம் என்ற முறையில் அதிகாரம் இல்லாவிடினும், அதில் பணிபுரிவோர் குடிமக்கள் என்ற முறையில் பொதுச் சட்டத்தின் பழைய தனிநபர் வழக்கைத் தொடுக்கலாமே என்பது அவ்வாதம். 1867-இல் மில்லும் அவருடைய தோழர்களும் மொரான்ட் பேயின் இறந்தோருக்காகக் கையிலெடுத்த அதே உரிமை, அரசே நிறுவிய ஓர் ஆணையத்துக்கு எஞ்சிய கடைசி ஊன்றுகோலாக மீண்டும் எடுக்கப்பட்டது என்பது இவ்வரலாற்றின் மிக வேதனையான திருப்பம். வேறு வாசல்கள் அடைபட்ட குடிமகனுக்கென்று வைத்திருந்த வழியில் ஓர் அரசு அமைப்பு ஒதுங்க நேர்ந்தது, அதன் சட்டத்தை எழுதியவர்களின் பிழையையே காட்டுகிறது.

சொற்களை மட்டும் நோக்கினால் மேல்நீதிமன்றங்களின் வாசிப்பே வலுவானது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மனிதனின் உடலைச் சிறைப்படுத்தும் அதிகாரத்தை ஊகத்தால் வருவிக்கக் கூடாது என்ற கொள்கை காவலருக்கும் உரியது. அது காவலருக்கு மறுக்கப்பட்டால் நாளை யாருக்கும் நிலைக்காது. விசாரிப்பவரே பிடித்து, அவரே குற்றம் சுமத்தி, அவரே வழக்கையும் நடத்தினால், முதல் நாளில் கொண்ட ஐயத்தை இறுதிவரை மறுபரிசீலனை செய்யும் இரண்டாவது மனம் எங்கும் இருக்காது என்ற கூட்டமைப்பின் கவலையும் புறந்தள்ளத் தக்கதன்று. எனினும் இத்தீர்ப்பால் கைது என்ற செயல் எங்கே திரும்பிச் சென்றது என்பதையும் பார்க்க வேண்டும். அது நடுநிலையான வேறொரு கையில் சேரவில்லை. விசாரணைக்குள்ளான காவலர் எந்தப் படையைச் சேர்ந்தவரோ அதே படையிடம் திரும்பியது. மூன்று செயல்களையும் ஒரே கையில் குவிப்பது தவறென்றால், கைதை மட்டும் தனியே ஒப்படைக்கத் தகுந்த மூன்றாவது கையை நாடாளுமன்றம் உருவாக்கியிருக்க வேண்டும்.

இத்தகைய சட்டத்தைத் தெளிவாக எழுத முடியாதென்று சொல்வதற்கில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1990-இல் தோன்றிய சிறப்புப் புலனாய்வுப் பிரிவின் இயக்குநர், காவலர்மீது தாமே குற்றம் சுமத்தலாம் என்பதும், அதன்பின் வழக்கை அரசு வழக்கறிஞர் நடத்துவார் என்பதும் சட்டத்தில் வெளிப்படையாக உள்ளன. தென்னாப்பிரிக்காவின் 2011-ஆம் ஆண்டுச் சட்டம், சுதந்திரக் காவல் விசாரணை இயக்ககத்தின் புலனாய்வாளர்களுக்குக் கைது அதிகாரத்தைப் பெயர் சொல்லியே தருகிறது. வட அயர்லாந்தின் காவல் குறைகேள் அதிகாரி அலுவலகம் 2000-ஆம் ஆண்டு முதல் கான்ஸ்டபிள் அதிகாரத்தோடு இயங்கிவந்தாலும், வழக்குத் தொடர்வது வேறோர் அலுவலகத்தின் பொறுப்பு. பிரித்தல் இம்மூன்றிலும் உண்டு; ஆனால் கோடு எங்கே விழுகிறதென்று சட்டத்தைப் படிக்கும் எவருக்கும் தெரியும்.

ஆணையத்தின் பத்தாண்டுப் பணி வீணாயிற்று என்று எண்ணுவதும் தவறு. காவலரால் கொல்லப்பட்டோரின் எண்ணிக்கை 2013-இல் 258. அடுத்த ஆண்டில் 115. சம்பவ இடத்துக்கு வெளியார் வந்து தோட்டாக்களை எண்ணுவார்கள் என்ற உணர்வு இவ்வீழ்ச்சிக்கு எவ்வளவு காரணம் என்று அளந்து சொல்ல இயலாவிட்டாலும், அதற்குப் பங்கே இல்லை என்று சொல்வோர் குறைவு. கிளாரெண்டன் பகுதியில் காவலருக்குள்ளேயே ஒரு கொலைக் குழு இயங்கியதாக எழுந்த குற்றச்சாட்டை ஆணையம் விசாரித்ததன் தொடர்ச்சியாக, 2018 டிசம்பரில் ஒரு கான்ஸ்டபிள் மூன்று கொலைகளுக்காகக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றார். கைது அதிகாரம் இல்லை என்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்த அதே ஆண்டில் கிடைத்த தீர்ப்பு அது.

பிரிவி கவுன்சிலின் முடிவுக்கு மூன்று மாதம் முன்பு, 2020 பிப்ரவரியில், கிங்ஸ்டனில் இன்னொரு முழு அமர்வு மற்றொரு பழைய கணக்கைக் கையிலெடுத்திருந்தது. 2010 மே நடவடிக்கையின்போது தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட கணக்காளர் ஒருவரின் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த மூன்று படைவீரர்களுக்கு, அவர்கள் நல்லெண்ணத்தோடு செயல்பட்டதாக அமைச்சர் 2016-இல் சான்றிதழ் வழங்கியிருந்தார். 1870-இல் ஆளுநர் ஐயரைக் காத்த அதே நல்லெண்ணம், இம்முறை முத்திரையிட்ட தாளாக வந்து நின்றது. அச்சான்றிதழ்கள் செல்லாதவை என்று அந்த அமர்வு தீர்ப்பளித்தது. அரசின் துப்பாக்கி ஏந்தியவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் வாசல் இவ்வாறு ஒருபுறம் குறுகியது. அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் வாசல் மறுபுறம் மே மாதத்தில் குறுகியது.

தீர்ப்பு வந்த சில மாதங்களில் டெரன்ஸ் வில்லியம்ஸின் பதவிக்காலம் முடிய, ஹியூ ஃபோக்னர் ஆணையரானார். ஆணையத்தின் புலனாய்வாளர்கள் இன்றும் துப்பாக்கிச் சூடு நடந்த இடத்துக்குச் சென்று, எல்லைக் கயிறு கட்டி, தோட்டாக்களின் உறைகளைப் பொறுக்கி, சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்கின்றனர். குற்றத்துக்கு ஆதாரம் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றினால், கோப்பு குற்ற வழக்குத் தொடர்வு இயக்குநரின் மேசைக்குச் செல்கிறது. அங்கிருந்து பதில் வரும்வரை, இறந்தவரின் வீட்டாரும் விசாரிக்கப்படும் காவலரும் ஒரே விடைக்காகக் காத்திருக்கின்றனர்.